தலைவரல்லாதவரின் படிக்கட்டு

அந்தக் குடியிருப்பில் தலைவர் என்று ஒருவரும் கிடையாது. இருக்கவும் கூடாது என்று ஐந்தாம் மாடிக்காரர் உத்தரவு போட்டிருந்தார். அவர் அறைக் கதவில் 'தலைவரல்லாதவர்' என்று பித்தளைப் பலகை மின்னியது. அவரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அவர் முன்னால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. உட்கார அங்கே இரண்டாவது நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

தலைவரல்லாதவர் வாழ்நாள் முழுக்க வரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசு என்பதே ஊரறிந்த கொள்ளைக் கூட்டம் என்பது அவர் கொள்கை. அப்படியானால் மாதாமாதம் கைநீட்டி வாங்குகிற பென்ஷன் என்ன கணக்கு என்று ஒருமுறை யாரோ கேட்டுவிட்டார்கள். கொள்ளையனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டிருக்கிறேன், தனி மனிதனாக என்னால் முடிந்தது அதுதான் என்று அவர் கண் கலங்கச் சொன்னார். கேட்டவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இந்தக் குடியிருப்பின் நான்காம் மாடியில் ஒரு வீட்டை வாங்கி, மனைவியோடு வந்து சேர்ந்தவர் பல் செட்டுக்காரர். இரண்டு தெரு தள்ளி அவருக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது தொழில். அவருக்கு அரசாங்கத்தின் மேல் பிறவிக் கோபம் ஒன்றும் இல்லை. முன்பிருந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்புக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் செருப்புத் தேய நடந்திருந்தார். எப்போது போனாலும் 'சார் சாப்பிடப் போயிருக்கார்' என்றார்கள். இவ்வளவு சாப்பிடுகிறவரின் பற்கள் மேல் அவருக்குத் தொழில்முறையில் ஒரு மரியாதைகூட வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் அவர் கையில் ஒரு சிறு புத்தகத்தைத் திணித்தார். வரி இல்லை, லஞ்சம் இல்லை, பத்திர ஆபீஸ் இல்லை, சாப்பிடப் போகிற சார் இல்லை என்று அதில் போட்டிருந்தது. எழுதியவர் தலைவரல்லாதவர்.

பல் செட்டுக்காரர் அதை இரவோடு இரவாகப் படித்துவிட்டு மனைவியிடம் விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார் இல்லன்னா சரிங்க. குப்பை அள்றவர் இருப்பாரா?"

சந்தை பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். எந்தச் சந்தை, காய்கறிச் சந்தையா என்று அவள் கேட்டதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை.

வீடு வாங்குவதற்குக் கையிலிருக்கும் பணத்தை 'சுயம்' என்ற கிரிப்டோ நாணயமாக மாற்ற வேண்டும். சுயம் கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிபடாது, எங்கும் நிறைந்திருக்கும், நம்பினவர்களுக்கு மட்டும் பலன் தரும். கடவுளுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அதைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. பதிலாக ஒரு வில்லை கொடுத்தார்கள். வில்லை என்றால் கைப்பேசித் திரையில் பச்சையாக ஒளிரும் ஒரு சதுரம். பிளாக்செயின் என்ற கணினிப் பேரேட்டில் ஏறிவிட்ட வில்லையை எந்த ரிஜிஸ்டராராலும் மாற்ற முடியாது, எந்த மந்திரியாலும் பிடுங்க முடியாது. காலமெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்து சேர்த்ததெல்லாம் ஒரு பச்சைச் சதுரமாக வந்து உட்கார்ந்ததை அவர் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டார்.

முதலில் வீடுகள் மட்டும்தான் வில்லையாக இருந்தன. பிறகு, 'பொது' என்று ஓர் அங்குலம்கூட இருக்கக் கூடாது என்று தலைவரல்லாதவருக்கு ஞானோதயம் பிறந்தது. தரைத்தள மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்.

"பொதுன்னு ஒண்ணு இருந்தா அங்க எச்சில் இருக்கும். என் சுவர்ல நான் துப்புவேனா? மாட்டேன். அதனால எல்லாத்தையும் யாருக்காவது சொந்தமாக்கிட்டா, மனுஷனுக்குத் துப்பவே இடம் இருக்காது. அதுதான் நாகரிகம்."

கை தட்டினார்கள். தாழ்வார விளக்கை வாங்கினவர் அதைக் கழற்றித் தன் படுக்கையறையில் மாட்டிக்கொண்டார். கோடி ஜன்னலை வாங்கினவர், அதன் வழியாக வரும் காற்றும் தனக்கே என்று சாத்திவைத்து, சந்தா கட்டினவர்கள் நடந்து போகும்போது மட்டும் திறந்துவிட்டார். லிஃப்டின் பெட்டி ஒருவருக்கும் மோட்டார் இன்னொருவருக்கும் போனது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. மோட்டார்க்காரர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட, பெட்டிக்காரர் பெட்டியில் சைக்கிள் நிறுத்தினார். மேற்குச் சுவரை ஒட்டின ஆகாயத்தை மூன்றாம் மாடிக்காரர் வாங்கிப் போட்டார், பின்னால் விலை ஏறும் என்று. குப்பைத் தொட்டியை மட்டும் எவரும் கேட்கவில்லை. ஆகவே கொள்கைப்படி அங்கே குப்பை என்று ஒன்று கிடையாது. நாற்றம் இருந்தது. பல் செட்டுக்காரரின் மனைவி அவரைப் பார்த்தபடி மூக்கை மட்டும் பொத்திக் காட்டினாள்.

கடைசியாகப் படிக்கட்டின் முறை வந்தது. மாடிக்கு மாடி படி திரும்புகிற இடங்களைத் தனித்தனி வில்லையாக்கி ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முகம் பார்க்கிற ஒரு பெட்டியை மாட்டினார்கள். ஒப்பந்தம் எளிமையானது. திருப்பத்தின் சொந்தக்காரர் தன் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்திருந்தால் எல்லோரும் போகலாம், வரலாம். கை மாறினால் பழைய அனுமதி செல்லாது. புதுச் சொந்தக்காரர் மறுபடி கொடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் கால் வைத்தால், வைத்தவருடைய வீடு அந்தக் கணமே திருப்பத்தின் சொந்தக்காரருக்குத் தானாகப் போய்விடும். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, வாய்தா இல்லை. பெட்டியே பார்த்து, பெட்டியே தீர்ப்புச் சொல்லி, பெட்டியே நிறைவேற்றிவிடும்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவிலிருந்த திருப்பத்தைத் தலைவரல்லாதவரே எடுத்துக்கொண்டார். ஒரு பாய் விரிக்கிற அளவு சிமெண்டுத் தரை. மூலையில் செடியில்லாத ஒரு பூந்தொட்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே கொள்கையுள்ள வேறொரு சங்கத்திலிருந்து விருந்தினர் வந்தார்கள். உறுப்பினர் எல்லோரும் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். வருவது அவரவர் விருப்பம். வராதவர்களின் பெயர் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படும், அவ்வளவுதான். தலைவரல்லாதவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

"இப்ப பாருங்க. ரிஜிஸ்டரார் இல்ல, ஸ்டாம்ப் பேப்பர் இல்ல, ரெண்டு சாட்சி இல்ல, டீ வாங்கப் போன பியூனுக்காகக் காத்திருக்கிறது இல்ல. ஒரே ஒரு விரல். சொத்து கை மாறிடும். அப்புறம் யாராலயும் திருப்ப முடியாது. என்னாலகூட முடியாது. அதுதான் இதோட அழகு."

தன் திருப்பத்தைத் தன்னுடைய ஒரு வாலெட்டிலிருந்து, அதாவது கைப்பேசிப் பணப்பையிலிருந்து, தன்னுடைய இன்னொரு வாலெட்டுக்கு மாற்றிக் காட்டுவதாகத் திட்டம். வாலெட்டின் முகவரி என்பது எறும்பு ஊர்ந்ததுபோல் நீளமாகப் போகும் எழுத்தும் எண்ணும். யாருக்கும் மனப்பாடம் ஆகாது. எனவே அவர் தன் புத்தகத்தைக் கைப்பேசியிலேயே திறந்து, அதிலிருந்த முகவரியை எடுத்து ஒட்டினார். அது அவருடைய முகவரி அல்ல. 'முகவரி என்பது இப்படி இருக்கும்' என்று வாசகர்களுக்குக் காட்டுவதற்காக, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அவரே கண்ணை மூடிக்கொண்டு தட்டின எழுத்துகள். விரல் அழுத்தியது. திரை பச்சையானது. மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. விருந்தினர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மேல் மாடிக்காரர்கள் படியேறினபோது திருப்பத்துப் பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. 'புதிய உரிமையாளர் அனுமதி தரவில்லை.'

தலைவரல்லாதவர் கைப்பேசியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அவர் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. ஆனால் ஐந்து நிமிஷத்தில் மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது பழையபடி கொள்கை முகமாக இருந்தது. நடந்ததைச் சொன்னார். அந்த முகவரியைத் திறக்கும் ரகசியச் சாவி யாரிடமும் இல்லை. ஆனால் இருக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. உலகத்தில் எங்காவது யாருக்காவது தற்செயலாக அது அமையலாம். கணக்குப்படி பார்த்தால் சூரியன் அணைந்து வெகுகாலம் ஆனபிறகு.

"அதுவரைக்கும் என்ன சார் பண்றது?" என்றார் பல் செட்டுக்காரர்.

"அதுவரைக்கும் அவருடைய உரிமையை நாம மதிக்கணும்."

"யாருடைய உரிமையை?"

"அவருடைய."

பல் செட்டுக்காரர் தெருவுக்கு வந்து, நான்காம் மாடி ஜன்னலைப் பார்த்தபடி மனைவிக்குப் போன் போட்டார். சாப்பாடு ஆறுகிறது என்றாள் அவள். படியில் கால் வைக்க முடியாது என்றார் இவர்.

"ஏன், இடிஞ்சு போச்சா?"

"இல்லம்மா. வித்துப்போச்சு."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்ப வரவில்லை.

விஷயத்தின் கனம் அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வீட்டுக்குப் போனால் வீடு போய்விடும். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் வீட்டுப் பக்கமே போகக் கூடாது. நான்காம் மாடியில் தனியாகக் குடியிருந்த கம்ப்யூட்டர் இளைஞன் ஒருவன், பெட்டியை ஏமாற்றிவிடலாம் என்று முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினான். கண்ணையும் சேர்த்துச் சுற்றியிருந்தபடியால் பூந்தொட்டியில் இடறி விழுந்தான். துண்டு அவிழ்ந்தது. பெட்டி அவன் முகத்தைப் பார்த்தது. அவன் வீடு அங்கேயே, அவன் எழுந்திருப்பதற்குள், இல்லாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் துல்லியமாக வேலை செய்கிறது என்று கூட்டத்தில் நன்றித் தீர்மானம் போட்டார்கள். இளைஞன் அழுதுகொண்டே அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

பல் செட்டுக்காரர் பட்டறையில் படுத்துக்கொண்டார். அலமாரியில் வரிசையாக வாய் திறந்திருக்கும் பிளாஸ்டர் தாடைகள் அவரைப் பார்த்துச் சிரித்தன. மேலே இருப்பவள் பட்டினி கிடப்பாளே என்ற கவலை அவரைத் தின்றது. காய்கறி வாங்கி, வாளியில் கட்டி, மேற்கு ஜன்னல் வழியாக அனுப்பினார். வாளி ஆகாயத்தில் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஆகாயத்தின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று கட்டணம் வாங்கிக்கொண்டார். காற்றில் வாளி ஆடினால் கூடுதல். போனில் கேட்டால் மனைவி 'வந்துது' என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

தீர்வு மன்றத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கோர்ட்டை ஒழித்துவிட்ட இடத்தில் கோர்ட்டின் வேலையைச் செய்வதுதான் தீர்வு மன்றம். இரண்டாம் மாடிக் காப்பீட்டு ஏஜென்ட் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதை நடத்தினார். பல் செட்டுக்காரர் போனபோது மேஜையில் ஊறுகாய் பாட்டில் ஒரு பக்கமும் நீதி ஒரு பக்கமுமாக இருந்தன. உரிமையாளருக்கு முறைப்படி நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது, பதில் வரவில்லை என்றார் ஏஜென்ட்.

"பேசாம இருந்தா சம்மதம்னுதானே சார் அர்த்தம்?"

"அது பழைய சமூகத்துல. இங்க அவரோட மௌனமும் அவரோட சொத்து. அதை நீங்க எடுத்துச் சம்மதமாப் பயன்படுத்தினா, அது இன்னொரு அத்துமீறல்."

தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, படிக்கட்டு இழப்புக்கென்றே தன்னிடம் ஒரு பாலிசி இருந்ததாகவும், இவர் முன்பே எடுத்திருக்கலாம் என்றும் அவர் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

இதற்கிடையில் வெளியுலகத்துக்குச் செய்தி பரவியது. இனி ஒருபோதும் விற்க முடியாத ஒரு சொத்து இருக்கிறது, அதன் உரிமையாளரை எந்த அரசாலும் கண்டுபிடிக்க முடியாது என்றதும் சுயம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மெய்சிலிர்த்தது. சுயத்தின் விலை ஏறியது. வீட்டுக்குள் போக முடியாதவர்களின் வீடுகள் வீட்டுக்குள் இருப்பவர்களின் வீடுகளைவிட மதிப்புக் கூடிப்போயின. மண்டபத்தில் ஒரு வெறும் சட்டத்தை மாட்டி, அதற்கு விளக்குப் போட்டார்கள். அதுதான் திருப்பத்தின் உரிமையாளர் படம். தலைவரல்லாதவர், மண்டபத்துப் பெஞ்சில் தூங்கி எழுந்த கசங்கல் சட்டையோடு, அதன் கீழே நின்று பேசினார்.

"உண்மையான சுதந்திர மனிதன் எப்படி இருப்பான்னு இத்தனை காலமா தேடினோம். இதோ இருக்கார். வரி கேட்கல. ஓட்டுக் கேட்கல. கூட்டத்துல குறுக்கப் பேசல. யாரையும் நம்பல, யாருக்கும் பயப்படல. நம்ம எல்லாரையும்விட உயர்ந்தவர்."

"ஆனா, அவர் இல்லவே இல்லையே" என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

"அதை ஒரு குறையா எடுத்துக்கக் கூடாது" என்றார் தலைவரல்லாதவர்.

அந்த உயர்ந்தவரின் தரையைக் காக்க ஒரு வாட்ச்மேனை நியமித்தார்கள். வாட்ச்மேன் என்று சொல்லக் கூடாது, பாதுகாப்புச் சேவை வழங்குநர். படிக்கட்டுக்கு அடியிலிருந்த ஒண்டு அறை அவருக்கு வில்லையாகக் கொடுக்கப்பட்டு, அவர் முகமும் பெட்டியில் ஏறியது. அவர் மூன்றாம் மாடியில் ஸ்டூல் போட்டு, பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் யாராவது தெரிந்தால் கூச்சல் போட வேண்டும், அதுதான் வேலை. மண்டபத்தில் தினமும் காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு விவாதம் நடந்தது. வெளியே நடமாடுகிறவர்களைப் பார்த்தால் கொள்கையில் கவனம் சிதறும் என்பதால் கதவைச் சாத்துவது அங்கே வழக்கம்.

ஒரு நாள் மதியம் பல் செட்டுக்காரர் ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். பட்டறை வாசலில் நிழல் தட்டியது. மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் சாப்பாட்டுக் கேரியர்.

மெழுகு அவர் விரலில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நீ எப்படி வந்தே?"

"படியில."

"படியிலயா? பெட்டி?"

"பெட்டி இருக்கு. சிவப்பா எரியுது. அதுக்கென்ன?"

அவள் உள்ளே வந்து, தாடைகளை ஒதுக்கி மேஜையில் இடம் பண்ணி, கேரியரைத் திறந்து அடுக்கினாள். நின்ற நிலையில் அவர் வாய் அலமாரிச் சாமான்போல் திறந்திருந்தது. அவள் நிதானமாகச் சொன்னாள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, குடும்பம் என்பது ஓர் அலகு, அலகுக்கு ஒரு முகம் என்று. மேல் மாடி வீடுகளில் ஏறின முகமெல்லாம் வீட்டுக்காரர்களுடைய முகம்தான். மனைவிமார் முகம் பெட்டிக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்தால் 'அசையும் பொருள்: பூனை அல்லது அதுபோன்றது' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பெட்டி பார்க்காததைத் தானும் பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் ஸ்டூலை நகர்த்தி வழிவிடுவார்.

"முதல்ல இறங்கினது அஞ்சாம் மாடி அக்காதான். தலைவரோட சம்சாரம். ரெண்டாம் நாளே பால் வாங்கப் போயிட்டாங்க. அவங்களைப் பார்த்துத்தான் நாங்கள்லாம் இறங்கினோம். நான் தினமும் மார்க்கெட் போயி, பொறுக்கி எடுத்து வாங்கிட்டு வரேன். நீங்க வாளியில சொத்தைக் கத்திரிக்காயா அனுப்புறீங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? சாப்பிட்டியா, சாமான் வந்துதான்னு கேட்டீங்க. வீடு வாங்கும்போது ரெண்டு பேர் பேர்லயும் போடலாமான்னு நான் கேட்டேன். குடும்பம் ஓர் அலகுன்னு உங்க சார் சொன்னாரு, நீங்க தலையாட்டினீங்க. சரி, அலகு கொஞ்ச நாள் வெளியில இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் சாப்பிட்டார். தான் மட்டும் வர முடியாதே என்றார். வரலாமே என்றாள் அவள். பெட்டி பிடுங்குவது வீட்டை. பிடுங்க வீடு இல்லாதவனை அதற்குத் தெரியாது. அவனும் பூனைதான்.

"அந்தப் பையன் அழுதுகிட்டே போனானே, துண்டைக் கட்டிக்கிட்டு விழுந்தவன். அன்னிக்கு அந்தப் படியில தாராளமா ஏறி இறங்கக்கூடிய ஒரே ஆம்பளை அவன்தான். அது அவனுக்கே தெரியல, பாவம்."

"அதுக்காக வீட்டை விட்டுக்குடுக்கச் சொல்றியா? வாழ்நாள் உழைப்பும்மா."

"உங்களுக்கு வீடு வேணுமா, பச்சைக் கட்டம் வேணுமா?"

யாருக்குக் கொடுப்பது என்று மட்டும் கேட்டார். உங்க சாருக்கே கொடுங்கள் என்றாள். ஆசையோடு வாங்கிக்கொள்வார், மேலே வந்து பார்க்கவும் முடியாது. நம்மைக் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்றார் அவர்.

"யாரை வெச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் கேரியரை மூடினாள்.

மண்டபத்தில் தலைவரல்லாதவர் பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பல் செட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் இடுங்கியது. என்ன விலை என்றார். சும்மாதான் என்றார் இவர். அந்த மண்டபத்தில் அதுவரை எவரும் உச்சரிக்காத சொல் அது. தலைவரல்லாதவர் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார்.

"அதிகாரம் ஒரே கையில சேரக்கூடாதுன்னு நான் எழுதியிருக்கேன். ஆனா இது அதிகாரம் இல்ல, சொத்து. சொத்து எந்தக் கையில வேணா சேரலாம். அது என் கையா இருந்துட்டாக்கூட, நான் தடுக்க மாட்டேன். கொள்கைன்னா கொள்கை."

பல் செட்டுக்காரர் பொத்தானை அழுத்தினார். பச்சைச் சதுரம் மறைந்தது. பிடுங்கின பல்லின் இடத்தை நாக்குப் போய்த் தேடுவதுபோல, அவர் கட்டைவிரல் திரையில் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு படியேறினார். திருப்பத்தில் பெட்டி அவர் முகத்தைப் பார்த்தது. தனக்குள் தேடியது. 'அசையும் பொருள்' என்று எழுதிவிட்டு ஓய்ந்தது. வாட்ச்மேன் ஸ்டூலை நகர்த்தினார். நான்காம் மாடியில் மனைவி கதவைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள்.

"தாடி வளந்து போச்சு" என்றாள். "உள்ள வாங்க."

மறுநாள் மூன்று பேர் தங்கள் வீடுகளைத் தலைவரல்லாதவருக்குத் தானமாகக் கொடுத்தார்கள். வாரம் முடிவதற்குள் மேலிரண்டு மாடியில் மிச்சமிருந்த அத்தனை பேரும் கொடுத்துவிட்டு, பூனைகளாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். தலைவரல்லாதவர் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டபோது கொஞ்சம் பேசினார். மனிதர்கள் கொள்கையை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொள்வார்கள் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார்.

எல்லாம் கைக்கு வந்தபிறகுதான், தன் சொத்துகளில் யார் யாரோ குடியிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறுத்த ஆரம்பித்தது. காலி பண்ணச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பப் பார்த்தார். வாட்ச்மேனுக்கு ஒண்டு அறை சொந்தமாக இருந்தது; கால் வைத்தால் அது போய்விடும் என்று அவர் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. தீர்வு மன்றத்துக்குப் போனார். சொத்து இல்லாதவர்கள் ஒப்பந்தப்படி மனிதர்களே அல்ல, மனிதர் அல்லாதவர்கள் மேல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றார் ஏஜென்ட். பூனைத் தொல்லைக்கு ஒரு பாலிசி இருப்பதையும் சொன்னார். ஒரு நாள் தலைவரல்லாதவரைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்ததாகப் பேச்சு வந்தது. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனேன் என்றார் அவர். உள்ளே நடந்தது மெதுவாகக் கசிந்தது. எந்தக் கட்டடம் என்று எழுத்தர் கேட்டிருக்கிறார். விலாசம் சொன்னதும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, வரி கட்டாமல் தப்பிப்பதற்காக யாரோ அதைப் பதிவே செய்யவில்லை, அரசுக் கணக்கில் அங்கே இருப்பது காலி மனை, காலி மனையின் ஐந்தாம் மாடியில் எப்படி ஆள் குடியிருக்க முடியும் என்று கேட்டிருக்கிறார்.

பல் செட்டுக்காரர் காலையில் பட்டறைக்குப் போய், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துபோனார். மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் தலைவரல்லாதவருக்கு வணக்கம் சொல்வார். என் வீட்டில்தானே குடியிருக்கிறீர்கள் என்று அவரும் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துவார். ஆமாம் சார், நல்ல வீடு சார் என்பார் இவர். அதில் குத்தல் எதுவும் இல்லை.

ஒரு மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது தலைவரல்லாதவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார். குரலைத் தாழ்த்தி, கிட்டே வரச் சொன்னார். கழுத்துப் பிடித்துக்கொண்டது, பெஞ்சில் தூங்க முடியவில்லை, மேலே போகிறபோது ஐந்தாம் மாடியில் சொல்லித் தன் தலையணையை மட்டும் வாங்கி வர முடியுமா என்றார். பாவமாக இருந்தது. பல் செட்டுக்காரர் தன் வீட்டைத் தாண்டி இன்னொரு மாடி ஏறி, பித்தளைப் பலகை மாட்டின கதவைத் தட்டினார். தலைவரல்லாதவரின் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"தலையணை இங்கதான் இருக்கு. கட்டிலும் இங்கதான் இருக்கு. வாங்கி வெச்ச எல்லா வீட்டையும் தன்னோடதோட சேர்த்து யார் தலையிலயாவது கட்டிட்டு, அவரையே மேல வரச் சொல்லுங்க. தலையணையைக் கீழ அனுப்பிட்டா அப்புறம் தலை மேல வராது."

பல் செட்டுக்காரர் இறங்கி வந்து, கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

தலைவரல்லாதவர் கோபப்படவில்லை. வெகுநேரம் யோசித்தார். கண் ஒருமுறை படிக்கட்டுப் பக்கம் போனது. மேலேயிருந்து தாளிக்கிற வாசனை இறங்கி வந்துகொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். திரை முழுக்கப் பச்சைச் சதுரங்கள், ஒன்றை ஒன்று ஒட்டி, புல்தரை மாதிரி.

"நல்ல யோசனைதான்" என்றார். "ஆனா இப்ப வேண்டாம். விலை ஏறிக்கிட்டிருக்கு."

கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.